மிதிக்கக் கூடாத மேசை

மாமாவின் வலது காலில் கட்டைவிரலும் அதற்கடுத்த விரலும் கொஞ்சம் விலகியே நிற்கும். ஐம்பது வருடமாகப் பலகை பிடித்த கால் அது. தரையில் குந்தி, இடது பாதத்தால் மரத்தை அழுத்தி, வலது கால் விரல்களுக்கு நடுவில் அதன் நுனியைச் செருகிக்கொண்டு உளி ஓட்டுவார். சிராய் சுருண்டு சுருண்டு கணுக்காலில் வந்து விழும். வைஸ் என்ற சாமானே எங்கள் ஊர்ப் பட்டறையில் இருந்ததில்லை. இறுக்கிப் பிடிக்கவும் திருப்பிக் கொடுக்கவும் மரம் நழுவினால் முதலில் தெரிந்துகொள்ளவும் காலே போதும்.

போன வருடம் மூட்டு வைத்தியர் சொல்லிவிட்டார்: குந்தக் கூடாது, சம்மணம் போடக் கூடாது. மாமா வாணியம்பாடி பக்கத்தில் வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவர். மொபெட்டின் முன்னால் கருவிப் பை, பின்னால் ரம்பம். நாலு கால் வைத்த பெரிய பட்டறை மேசையை அவர் எங்கே தூக்கிக்கொண்டு போவார்? மடக்கு மேசை ஒன்று புதிதாக வரவழைத்துக் கொடுத்தேன். மெல்லிய தகட்டுக் கால், அட்டை மாதிரிப் பலகை. இரண்டாம் மாதமே திருகு வழுக்கிவிட்டது. மாமா என்னைக் குறை சொல்லவில்லை. துணி போட்டு மூடி ஓரமாக வைத்துவிட்டார், அவ்வளவுதான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பழைய கைக்கருவிகளைத் தேடி வாங்கித் துருவெடுத்து மறுபடி ஓடவைப்பது என் பல வருடப் பழக்கம். இழைப்புளி, தமர், கை ரம்பம் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. மடக்கு மேசை மட்டும் கையில் சிக்கியதில்லை. இரும்பும் வார்ப்பும் கனமாக இருந்த காலத்து வொர்க்மேட் என்ற மடக்கு மேசை ஒன்றைப் பெங்களூரு ஞாயிற்றுக்கிழமை குஜரிச் சந்தையில் பார்த்ததாக நண்பர் ஒருவர் சொன்னதும், மாமாவையும் அழைத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினேன்.

இந்தத் தண்டவாளம் 1864-லேயே பெங்களூர் கண்டோன்மென்ட் வரை போய்விட்டது. அன்றிலிருந்து வடாற்காட்டு ஆட்கள் இதில் வேலை தேடிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். மாமாவின் பெரியப்பா பங்காருப்பேட்டையில் இறங்கிக் கிளை ரயில் பிடித்துக் கோலார் தங்கவயலுக்குப் போனவர். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கும் தச்சர் வேலை. 2001-இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். பங்காருப்பேட்டை வந்ததும் மாமா ஜன்னல் பக்கம் திரும்பி, வண்டி நகரும் வரை இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெங்களூருவில் மெஜஸ்டிக் பக்கத்து லாட்ஜில் படுத்தபடி, வொர்க்மேட்டை உருவாக்கிய ரான் ஹிக்மன் கதையை அவருக்குச் சொன்னேன். தென்னாப்பிரிக்காவில் 1932-இல் பிறந்தவர். பிழைப்புத் தேடி இங்கிலாந்து போய், லோட்டஸ் கார் கம்பெனியில் சேர்ந்து, 1962-இல் வெளிவந்த எலான் என்ற பந்தயச் சாயல் காரை வடிவமைத்தவர். அப்படியொரு காரை உருவாக்கியவர் வீட்டில் துணி அலமாரி ஒன்று செய்ய ஆசைப்பட்டிருக்கிறார். அறுக்க மேடை இல்லை. நல்ல நாற்காலி ஒன்றின் மேல் பலகையை வைத்து அறுத்தபோது ரம்பம் நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டது. அந்த வருத்தத்தில் யோசித்ததுதான் இந்த மடக்கு மேசை.

மாமா இருட்டில் எழுந்து உட்கார்ந்தார். “நாற்காலி மேல வெச்சா அறுத்தாரு? பலகய கால்ல மிதிச்சிருந்தா நாற்காலி தப்பிச்சிருக்குமே மாப்ள.”

“அதான் மாமா, அவங்க ஊர்ல தரையில ஒக்காந்து வேல செய்யற பழக்கம் இல்ல.”

“பாவம்” என்றார். உண்மையாகவே வருந்தித்தான் சொன்னார்.

பிறகு நடந்ததையும் சொன்னேன். ஹிக்மன் தன் மேசையைக் கருவிக் கம்பெனிகளிடம் எடுத்துப் போனார். இதை யார் வாங்குவார்கள், டஜன் கணக்கில் விற்றாலே அதிகம் என்று ஒருவர் பின் ஒருவராகக் கைவிரித்தார்கள். முதலில் மறுத்தவர்களில் பிளாக் அண்ட் டெக்கரும் உண்டு. அவர் தானே செய்து, விளம்பரம் கொடுத்து, தபாலில் விற்றார். விற்பனையைப் பார்த்த பிறகு 1970-களின் தொடக்கத்தில் அதே பிளாக் அண்ட் டெக்கர் உரிமம் வாங்கிக்கொண்டது. 1981-க்குள் ஒரு கோடி மேசைகள் விற்றுவிட்டன. விற்ற ஒவ்வொன்றுக்கும் ஹிக்மனுக்குப் பங்கு வந்தது. ஜெர்சி தீவில் குடியேறி, 2011-இல் தம் 78-ஆவது வயதில் காலமானார். கதை முடிவதற்குள் மாமா தூங்கிவிட்டார்.

ஞாயிறு காலை ஆறரைக்கு எஸ்.ஜே.பி. சாலைப் பக்கம் நின்றோம். கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருக்க, அவற்றின் முன்னால் தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான் குவிந்து கிடந்தது. குஜரி என்றால் இங்கே பழைய சாமான், காயலான் சரக்கு. ஒற்றைச் செருப்பிலிருந்து ஒன்றரை ஹார்ஸ்பவர் மோட்டார் வரைக்கும் இருக்கிறது. பழைய பேட்டையைச் சுற்றியுள்ள பட்டறைகளிலிருந்து கழித்துப் போட்ட ஸ்பேனர், டிரில் பிட், தேய்ந்த அரம், கைப்பிடி போன சுத்தியல் எல்லாம் இங்கே வந்து இன்னொரு கைக்காகக் காத்திருக்கின்றன. கெம்பே கவுடா 1537-இல் கோட்டை கட்டியபோதே தொழில்வாரியாகப் பிரித்த ஊர் என்பார்கள். அக்கிப்பேட்டையில் அரிசி, அரளேப்பேட்டையில் பஞ்சு, கும்பாரப்பேட்டையில் குயவர், பளேப்பேட்டையில் வளையல். திகளர்பேட்டையின் திகளர்கள் தமிழ் வேர் கொண்டவர்கள். அங்குள்ள தர்மராயர் கோயிலில்தான் கரகத் திருவிழா தொடங்கும். பளேப்பேட்டையில் இன்று இசைக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

மாமா எதையும் அவசரப்பட்டுத் தொடமாட்டார். பழைய உளி ஒன்றை எடுத்தார். முனையைப் பார்க்காமல் முதுகைப் பார்த்தார். நகத்தால் தட்டி ஓசை கேட்டார், கீழே வைத்தார். “லாரிப் பட்டைய அடிச்சு செஞ்சது. நல்லதுதான். ஆனா சூடு ஏறிப்போச்சு.” சாணைக்கல்லில் யாரோ அவசரமாகத் தீட்டியதில் முனை நீலம் பாய்ந்திருந்தது. நீலம் பாய்ந்த இரும்பில் பதம் போயிருக்கும்.

மூன்று தெரு தள்ளிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கும் சைக்கிள் ரிம்முக்கும் இடையில் அது மடங்கிக் கிடந்தது. நான் முதலில் பார்த்தது ஆரஞ்சு நிறக் கைப்பிடியை. இழுத்து நிறுத்தினேன். சாம்பல் நிற அலுமினிய வார்ப்புச் சட்டம், ஆங்கில எச் எழுத்து மாதிரி. பெயர் எழுதிய ஒட்டுத்தாளில் பாதி கிழிந்து ‘டெக்கர்’ மட்டும் மிஞ்சியிருந்தது.

“வொர்க்மேட்டு சார் இது. குக் டவுன்ல பழைய பங்களா இடிச்சாங்க, அங்கிருந்து வந்திச்சு” என்றார் கடைக்கார பாய். பெங்களூருத் தமிழ், நடுநடுவே கன்னடம், உருது. “ஃபாரின் சாமான். பாருங்க, எப்பிடி நிக்குது” என்று கால்களை விரித்து நிறுத்தி, கீழ்ப்படியில் செருப்புக் காலை ஊன்றிக் காட்டினார்.

மாமாவின் முகம் மாறிவிட்டது. கை தானாக முன்னால் போய், மேசையின் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான்: கருவி மேல் கால் படக் கூடாது. பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். உளி, சுத்தியல், இழைப்புளி, மூலைமட்டம் எதுவானாலும். இந்த மேசையோ காலால் மிதிக்கச் சொல்லுகிறது. அறுக்கும்போதும் இழைக்கும்போதும் அது நகராமல் இருக்க, ஹிக்மன் அடியில் ஒரு படி வைத்தார். வேலை செய்கிறவர் ஒரு காலை அதன் மேல் ஊன்றித் தன் உடம்பின் பாரத்தையே மேசைக்குக் கொடுக்க வேண்டும். பதினைந்து கிலோ மேசை எழுபது கிலோ ஆளின் கனத்தைக் கடன் வாங்கிக்கொண்டு உறுதியாக நிற்பது அப்படித்தான்.

நான் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். மேலே இரண்டு பலகைகள். ஒன்று அசையாதது, மற்றது நகர்ந்து வந்து இறுக்குவது. மேசையே ஒரு பெரிய வைஸ். நகரும் பலகையின் இரு முனையிலும் தனித்தனித் திருகு, தனித்தனிக் கைப்பிடி. இடதை நாலு சுற்றும் வலதை இரண்டு சுற்றும் திருகினால் பலகை கோணலாக நிற்கும். அதனால் ஒரு பக்கம் பருத்து மறு பக்கம் சிறுத்த மரத்தையும் பிடிக்கலாம். மாமாவின் பிழைப்பில் பாதி கட்டில் கால். மேலே தடிமன், கீழே ஒல்லி. சாதாரண வைஸில் அது வழுக்கிச் சுழலும். பலகைகளின் உள்விளிம்பில் நீளவாக்கில் ஒரு வெட்டு இருந்தது, உருட்டுக் கட்டையையும் குழாயையும் கவ்வுவதற்காக. மேலே வரிசையாகத் துளைகள். அவற்றில் முளை செருகி, அகலப் பலகையைப் படுக்கவைத்தே இறுக்கலாம். கீழ்க் கால்களை மடக்கினால் மேசை முழங்கால் உயரத்துக்கு இறங்கும். அது அறுப்பதற்கு. விரித்தால் இடுப்பு உயரம், அது இழைப்பதற்கு.

குறைகளும் கண்ணில் பட்டன. நகரும் பலகையைக் கரையான் ஒரு மூலையில் தின்றிருந்தது. மீதி உப்பி நெளிந்திருந்தது. வலது திருகு வளைந்து, அதன் நட்டில் மரை மழுங்கியிருந்தது. நான்கு முளைகளில் ஒன்றுகூட இல்லை. வார்ப்புச் சட்டத்தில் ஒரு கால் சேரும் இடத்தில் விரிசல். இரண்டு உருண்டைகளைப் பிசைந்து அப்புவார்களே, அந்தப் பசையை யாரோ அதன் மேல் பூசியிருந்தார்கள்.

“எவ்ளோ பாய்?”

“மூவாயிரத்தி ஐநூறு.”

மாமா பேசவில்லை. விரிசலைக் கட்டைவிரலால் தடவினார். வளைந்த திருகைச் சுற்றினார், அது கிறீச்சிட்டு நின்றது. கரையான் தின்ற மூலையை நகத்தால் கீறினார். மாவாகக் கொட்டியது. மூன்றையும் செய்துவிட்டுப் பாயின் முகத்தைப் பார்த்தார். பாய் சிரித்துவிட்டார். “பெரியவரு ஆசாரி போல. சரி, ஆயிரத்தி எண்ணூறு குடுங்க. வேல தெரிஞ்சவங்க கைக்குப் போகட்டும்.”

அன்று மாலை லாட்ஜ் அறைத் தரையில் பழைய செய்தித்தாள் விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பழைய கிரீஸ் தார் மாதிரி இறுகியிருந்தது. கழற்றும்போதே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது என் வழக்கம், எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று பிறகு குழம்பாமல் இருக்க. மாமாவுக்குப் படம் தேவைப்படவில்லை. கழற்றிய வரிசையிலேயே தாளில் வலமிருந்து இடமாக வைத்துக்கொண்டு போனார். பூட்டும்போது இடமிருந்து வலமாக எடுத்தால் போதும்.

திங்கள் காலை காமாட்சிபாளையா. மாகடி சாலையை ஒட்டிய சந்துகளில் லேத் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. கூலன்ட் எண்ணெய் வாடை தெருமுனையிலேயே வரவேற்கும். நாங்கள் நுழைந்த பட்டறையில் எச்.எம்.டி. லேத் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சுதந்திர இந்தியா எந்திரம் செய்யும் எந்திரத்தைத் தானே செய்ய வேண்டும் என்று 1953-இல் இதே ஊரின் ஜாலஹள்ளியில் ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிக்கான் கம்பெனி துணையோடு தொடங்கிய ஆலை அது. மாமாவின் மணிக்கட்டில் இருக்கும் சாவி கொடுக்கிற ஜனதா கடிகாரமும் எச்.எம்.டி.தான். ஆலையின் கடிகாரப் பிரிவு நின்று போய்விட்டது. லேத்துகள் இந்தச் சந்துகளில் இன்னும் சுற்றுகின்றன.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். தர்மபுரிக்காரர். திருகைக் கையில் வாங்கி, பற்களுள்ள தகட்டை மரையில் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். “அக்மி” என்றார். சாதாரண போல்ட்டில் மரை கூராக இருக்கும். அது ஓரிடத்தில் இறுகி நிற்பதற்கு. பாரத்தோடு முன்னும் பின்னும் ஓட வேண்டிய திருகுக்கு அந்தக் கூர் ஆகாது, உராய்ந்து தேயும். அதனால் பல் தட்டையாகவும் பக்கங்கள் லேசாகச் சாய்ந்தும் இருக்கும். அதுதான் அக்மி. வைஸ், ஜாக்கி, லேத் எல்லாவற்றிலும் இதன் வகைதான் ஓடும்.

திருகைச் சூடு காட்டி, லேத்தின் இரு முனைக்கு நடுவில் சுழலவிட்டு, எங்கே எகிறுகிறதோ அங்கே அழுத்தி அழுத்தி நேராக்கினார். நட்டுதான் சிரமம். அவ்வளவு சிறிய துளைக்குள் உளியை விட்டு இந்த மரையை வெட்டுவது கடினம். கடையில் இந்த அளவில் மரை வெட்டும் டாப் கிடைக்காது. அவர் டாப்பையே செய்துவிட்டார். சில்வர் ஸ்டீல் கம்பி ஒன்றில் திருகின் அதே மரையை வெட்டினார். நெடுக நாலு பள்ளம் தோண்டி வெட்டு விளிம்பு உண்டாக்கினார். முனையைக் கொஞ்சம் ஒல்லியாக்கினார். பிறகு கேஸ் விளக்கில் காட்டினார். கம்பி மங்கிய சிவப்பாகி, பழுத்த சிவப்பானது. சட்டென்று எண்ணெயில் முக்கினார். புகை எழுந்தது. எடுத்து ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி மெல்லச் சூடு காட்டினார். பளபளப்பின் மேல் வைக்கோல் நிறம் படரும் வரை. அந்த நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். வராவிட்டால் கண்ணாடி மாதிரி உடையும், தாண்டி நீலமானால் மழுங்கும்.

“நேத்து அந்த உளியில பார்த்தமே, நீலம்” என்று மாமா என்னிடம் சொன்னார். பட்டறைக்காரர் திரும்பி மாமாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு டீ வந்தது. பேச்சு முழுக்க மாமாவோடுதான்.

கன்மெட்டல் கட்டையில் அந்த டாப் இறங்கி, நட்டு பிறந்தது. திருகைச் செருகி ஒரு விரலால் சுண்டினார். சுற்றிக்கொண்டே போய் நின்றது. செய்த டாப்பையும் எங்களிடமே கொடுத்துவிட்டார், “இன்னொண்ணு தேஞ்சா தேவப்படும்” என்று.

விரிசலுக்கு ஆர்கான் வெல்டிங். கலாசிபாளையாவில் கார் எஞ்சின் வார்ப்புகளுக்கு இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடுத் தோலுக்கோ 2000 டிகிரிக்கும் மேல் வேண்டும். தோல் உருகக் காத்திருந்தால் உள்ளே இருப்பது ஒழுகிவிடும். அதனால் பழைய பசையைக் கடைசித் துணுக்கு வரை சுரண்டி, விரிசலை அரத்தால் பள்ளமாக்கி, தேய்த்துத் துலக்கிவிட்டு, காற்று படாமல் ஆர்கான் வாயுவின் போர்வைக்குள் வைத்து ஒட்டுகிறார்கள். சுரண்டுவதற்கு ஒன்றரை மணி நேரம், ஒட்டுவதற்கு நாலு நிமிடம். பழைய பொருளைச் சரிசெய்கிற வேலையில் பெரும்பகுதி, முன்பு ஒருவர் அவசரத்தில் செய்துவிட்டுப் போனதை நீக்குவதுதான்.

ரயிலுக்கு நேரமிருந்தது. மல்லேஸ்வரம் 18-ஆவது குறுக்குச் சாலையிலுள்ள மர அறிவியல் நிறுவனத்துக்கு மாமாவை அழைத்துப் போனேன். 1938-இல் வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. பெயர்ச்சீட்டு ஒட்டிய மரத்துண்டுகளை மாமா சீட்டைப் படிக்காமலே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்: வேங்கை, மருது, பூவரசு, வாகை, ஈட்டி. இரண்டு இடத்தில் மட்டும் நின்று சீட்டைப் படிக்கச் சொன்னார்.

மடங்கிய மேசை ரயிலில் இருக்கைக்கும் சுவருக்கும் நடுவில் சூட்கேஸ் மாதிரி நின்றுவிட்டது. ஹிக்மனின் கெட்டிக்காரத்தனம் எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

ஊரில் மூன்று வாரம் ஆனது. இரும்புப் பாகங்களை டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டு, எமரித் தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்தேன். பழைய சாம்பல் பெயின்ட்டில் நன்றாக இருந்த இடங்களை விட்டுவிட்டேன். பழசைப் புதுசாகக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை, ஓடினால் போதும். பலகைக்கு ஒட்டுப்பலகை போடலாம் என்றேன். இழைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி ஒட்டுவதால் நெளியாது. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. இடித்த வீட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த தேக்கு உத்தரத்தை இறக்கினார். “இது நெளியறதெல்லாம் எங்க தாத்தா காலத்துலயே நெளிஞ்சு முடிச்சிருச்சு” என்று இரண்டு பலகை அறுத்தார். உள்விளிம்பு வெட்டைத் தாமே இழைத்தார். முளைகளைக் கருவேலங்கட்டையில் கடைந்தார். மேலே ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு.

மேசை நின்றது. கட்டில் கால் ஒன்றை இறுக்கினோம், அசையவில்லை. ரம்பத்தை எடுத்தார். காலைப் படிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், பின்வாங்கினார். படியில் கால் வைக்காமலே அறுத்துப் பார்த்தார். நாலாவது இழுப்பில் மேசை பின்னுக்கு நகர்ந்தது. “மாமா, மிதிக்கறதுக்குன்னே செஞ்சதுதான்” என்றேன். தலையாட்டினார். ரம்பத்தை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். நானும் மேற்கொண்டு சொல்லவில்லை.

மறுநாள் காலை போனபோது படியின் மேல் வேப்பம்பலகை ஒன்று பொருந்தியிருந்தது. நாலு மூலையிலும் திருகாணி. தலை வெளியே தெரியாமல் பள்ளத்தில் இறக்கி, விளிம்பையெல்லாம் உருட்டி இழைத்திருந்தார். நடுவில் பாதம் உட்காரும் அளவுக்கு லேசாகக் குழித்தும் இருந்தார். மாமா செருப்பைக் கழற்றினார். வலது காலை அதில் வைத்தார். விலகி நிற்கும் இரண்டு விரல்களும் பலகையின் விளிம்பைக் கவ்விக்கொண்டன.

“இப்ப மரத்தத்தான் மிதிக்கிறேன் மாப்ள” என்று ரம்பத்தை எடுத்தார்.